அப்ரண்டிஸ்: யாரை எடுக்கிறார்கள், எதற்காக?

ஒரு கம்பெனி யாரை அப்ரண்டிஸாக எடுக்கிறது என்று கவனித்தாலே போதும். ஓராண்டு கழித்து அந்தப் பையனை என்ன செய்யப்போகிறது என்று சொல்லிவிடலாம். வைத்துக்கொள்ள நினைக்கிற முதலாளி கையைப் பார்ப்பார். அனுப்பிவிட நினைக்கிறவர், இவன் எதிர்த்துப் பேசுவானா, இவனுக்காகக் கேட்க யாராவது வருவார்களா என்று பார்ப்பார். தமிழ்நாட்டின் ஐ.டி.ஐ. வளாகங்களிலும், மாவட்டந்தோறும் நடக்கிற அப்ரண்டிஸ் மேளாக்களிலும் பெருமளவு நடப்பது இந்த இரண்டாவது வகைத் தேர்வுதான். விதிவிலக்கான நிறுவனங்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் நாளில் ஒரு ஐ.டி.ஐ.க்குப் போய்ப் பாருங்கள். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக் என்று பையன்கள் சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல், நான்கைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கம்பெனியிலிருந்து வந்த எச்.ஆர். இளைஞர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்.

“தம்பி, எந்த ஊரு?”

“விழுப்புரம் பக்கம் சார்.”

“பக்கம்னா?”

பையன் ஊர்ப் பெயரைச் சொல்வான். சில நேரம் தெருவையும் சொல்ல வேண்டியிருக்கும்.

“அப்பா என்ன பண்றாரு?”

“கூலி வேலை சார்.”

“ரூம் எடுத்துத் தங்கிக்குவியா? நைட் ஷிஃப்ட் ஓகேவா? நடுவுல போலீஸ் செலக்‌ஷன், காலேஜுன்னு நின்னுட மாட்டியே?”

“மாட்டேன் சார்.”

அவ்வளவுதான், அடுத்த ஆள். பெண் பிள்ளையாக இருந்தால் கூடுதலாக ஒரு கேள்வி, கல்யாணப் பேச்சு எதுவும் நடக்கிறதா என்று. அதே வளாகத்தில் சற்றுத் தள்ளி ஒர்க்‌ஷாப் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தப் பையன் அரம் பிடித்த பெஞ்ச் வைஸ் அங்கே இருக்கிறது, அவன் செய்த ஜாப் அலமாரியில் இருக்கிறது, அவனை அணு அணுவாகத் தெரிந்த பயிற்சி அலுவலரும் அங்கேதான் இருக்கிறார். தொழில் கற்க ஆள் எடுக்க வந்தவர்கள் தொழிற்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கேட்ட கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். ஒன்றாவது தொழிலைப் பற்றியதா? தங்குவது, தூங்காமல் இருப்பது, ஓடிப்போகாமல் இருப்பது, எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்பது. உள்ளூர்ப் பையன்களை வேண்டாம் என்று ஒதுக்குவது தொழிற்பேட்டைகளில் எல்லோரும் அறிந்த விஷயம். உள்ளூரான் கோயில் திருவிழாவுக்கு லீவு போடுவான், ஒரு பிரச்சினை என்றால் ஊரே கேட்டில் வந்து நிற்கும் என்பது நிர்வாகங்களின் கணக்கு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நிலத்தைக் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகள் வெளியே நிற்க, முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவன் உள்ளே போவதற்குத் திறமை மட்டுமே காரணம் என்று யாரும் நம்பத் தேவையில்லை. வந்தவன் மீதும் எனக்கு வருத்தமில்லை. அவனைத் தேர்ந்தெடுக்க வைத்த தகுதி அவன் தனியாள் என்பது மட்டுமே. அது அவனுக்கே தெரியாது.

இந்தத் தகுதிக்கு வயது அதிகம். 1850-லேயே இந்தியாவில் ஒரு அப்ரண்டிஸ் சட்டம் இருந்தது. அநாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் பத்து வயதிலிருந்தே ஒரு தொழிலில் ஒப்பந்தம் போட்டுச் சேர்க்க அது வழி செய்தது. கேட்க ஆளில்லாத பிள்ளைக்குக் கைத்தொழில் கற்றுத் தருவதுதான் அதன் நோக்கம், ஒருவகையில் கருணையும்கூட. ஆனால் கேட்க ஆளில்லாத பிள்ளைதான் வசதி என்ற பாடத்தைத் தொழில்துறை அங்கே கற்றுக்கொண்டது; இன்றுவரை மறக்கவில்லை.

நம் காலத்தில் அதன் மோசமான வடிவம் ‘சுமங்கலித் திட்டம்’. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்கள் பதின்ம வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தன. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. மழை பொய்த்த தென்மாவட்டக் கிராமங்களில் ஏஜென்ட்கள் வீடு வீடாகப் போனார்கள். அப்பா இல்லாத வீடு, கடன்பட்ட வீடு, மூன்று பெண் பிறந்த வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். மில் ரிஜிஸ்டரில் அந்தப் பெண்களுக்குப் பெயர் ‘அப்ரண்டிஸ்’. அறுந்த நூலை ஒட்டவும், மெஷினின் ஒரு பக்கத்தை, அதாவது ‘சைடு’, பார்க்கவும் பழக எத்தனை மாதம் வேண்டும்? மில்லில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சில மாதம் என்பார்கள். மீதி இரண்டரை வருடமும் அவள் கற்றது என்ன? ஆட்தேர்வு முறையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டத்தின் முடிவு முதல் நாளே தெரிந்திருக்கும்.

இப்போதைய சட்டம் 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். அரசு ஆவணங்கள் ‘தொழிற்பழகுநர்’ என்று எழுதும். அழகான சொல், ஆனால் ஷாப் ஃப்ளோரில் யாரும் சொல்வதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று அந்த விதிகள் வைத்தன. 2016-இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் இதில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது. பி.எஃப். பிடித்தம் கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. சட்டத்தின் 18-ஆவது பிரிவு அப்ரண்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளர் அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் ஒரு சட்டம் வந்ததே, அதைக் காட்டி இவர் கேட்க முடியாது.

இதைவிட அதிகம் கொடுக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் கணக்குப் போடத் தெரிந்த எந்த மேலாளருக்கும் இதில் ஒன்று புலப்படும். 2019 விதிகள் குறைந்தபட்சமாகச் சொன்னதை மட்டும் கொடுத்தால், கையிலிருந்து மாதம் 5,500 ரூபாயில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு ஆள், தொழிலாளர் உரிமை கேட்க முடியாத ஆள், வருடம் முடிந்ததும் காரணம் சொல்லாமல் அனுப்பக்கூடிய ஆள். லைனில் நிற்க வைக்க இதைவிட மலிவாக யார் கிடைப்பார்கள்? இந்த எண்ணம் வந்த பிறகு அப்பாவின் தொழிலைக் கேட்பதும், ரூம் எடுப்பாயா என்பதும் ரொம்பப் பொருத்தமான கேள்விகளாகிவிடுகின்றன. வெர்னியரில் அளவு எடுக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு அவசியமே இல்லாமல் போகிறது.

பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையை அப்ரண்டிஸிடம் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லத்தான் செய்கிறது. மீறினால் சிறை என்று முன்பு இருந்தது. 2014-இல் வந்த திருத்தம் சிறையை எடுத்துவிட்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. சிறைத் தண்டனை போனதில் எனக்குக் குறையில்லை. ஆயிரம் ரூபாயைக் கண்டு எந்தக் கம்பெனி பயப்படும்?

ஆனால் அதே 2014 திருத்தம் ஒரு நல்ல காரியமும் செய்தது. 22-ஆவது பிரிவில், பயிற்சி முடித்த அப்ரண்டிஸை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று சேர்த்தது. வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கொடுப்பீர்களா, மாட்டீர்களா, எந்த அடிப்படையில் என்று எழுதி வையுங்கள் என்றது. அந்தக் காகிதத்தைக் கேம்பஸுக்கு வரும் எத்தனை எச்.ஆர்.கள் பையில் கொண்டு வருகிறார்கள்? நான் பார்த்த ஒரு மேளாவிலும் எந்த மேசையிலும் அது இல்லை. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியிருக்கிறது: மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருகிறவரைவிடப் பயிற்சி முடித்த அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தர வேண்டும். அரசு நிறுவனங்களில் அப்ரண்டிஸ்கள் வழக்குக்குப் போகும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பு மேற்கோளாக வரும். தனியார் ஆலையின் கேட்டைத் தாண்டி அதன் குரல் உள்ளே கேட்பதில்லை.

அரசுத் துறை எப்படி எடுக்கிறது? ரயில்வேயில் இன்டர்வியூவே இல்லை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) 2024-இல் 1,010 அப்ரண்டிஸ் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, மேலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ரயில்வேயின் மற்றக் கோட்டங்களிலும் பணிமனைகளிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் சேர்த்துச் சராசரி பார்ப்பது வழக்கம். இருவர் சமமானால் வயதில் மூத்தவருக்கு இடம். இடஒதுக்கீடு உண்டு. எச்.ஆரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சிபாரிசுக் கடிதத்துக்கு வேலையில்லை.

இந்த முறையைக் கிண்டல் செய்வது சுலபம். கணக்கில் தட்டுத் தடுமாறிய ஒருவன் லேத்தில் உட்கார்ந்தால் அசத்துவான். பட்டியலில் அவன் பெயர் வராது. 2021-இல் கொரோனாவால் தேர்வு நடக்காமல் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி பெற்றார்களே, தமிழ்நாட்டில் அவர்களுடைய சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. மதிப்பெண் கேட்கும் கட்டத்தில் அந்தப் பிள்ளைகள் என்ன நிரப்புவார்கள்? குறைகள் இருக்கட்டும். சொந்தக்காரர் யாரும் உள்ளே இல்லாத ஒரு குடும்பத்துக்கு மதிப்பெண் பட்டியல் கொடுக்கும் பாதுகாப்பை வேறு எந்த முறையும் இதுவரை கொடுத்ததில்லை. தனியார் தேர்வாளர்கள் ‘ஆட்டிட்யூட்’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். யாரை வேண்டுமானாலும் கழித்துவிட அது போதும். மார்க் ஷீட்டை அப்படி வளைக்க முடியாது.

இங்கே பழைய கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. வருவதற்கு முன் தொழில் கற்பது என்பது பெரும்பாலும் பிறப்போடு வந்தது. தட்டாரின் பட்டறையில் தட்டார் வீட்டுப் பிள்ளை, ஸ்தபதியிடம் ஸ்தபதி வீட்டுப் பிள்ளை. மெக்கானிக் ஷாப்புகள் வந்து அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தின. மாமா ஒருவர் கூட்டிவந்து விடுவார், பையன் ஒரு வாரம் மண்ணெண்ணெயில் பாகங்கள் கழுவுவான். ‘12-13 எடுடா’ என்றால் சரியான ஸ்பேனரை எடுத்து, வேலை முடிந்ததும் துடைத்து இருந்த இடத்தில் வைக்கிறானா என்று மேஸ்திரி ஓரக்கண்ணால் பார்ப்பார். திட்டும் அடியும் உண்டு. அதையெல்லாம் பொற்காலமாக்க நான் தயாரில்லை. இருந்தாலும் அந்த மேஸ்திரி பார்த்தது கையை. இன்றைய எச்.ஆர். அதைக்கூடப் பார்ப்பதில்லை. அரசு ஐ.டி.ஐ. சாதிக் கட்டை முறையாக உடைத்தது. அப்ரண்டிஸ் சட்டத்திலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், பின்னர் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்ற பிரிவுகள் இருக்கின்றன. ‘பக்கம்னா?’ என்று கேட்கிற மேசைக்கு அந்தப் பிரிவுகள் தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? சில நிறுவனங்கள் செய்து காட்டியிருக்கின்றன; பெரிய ரகசியம் எதுவுமில்லை. முதலில் பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் கலந்த ஒரு சின்ன எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களில், இருக்கிற இடத்தைப்போல் இரண்டு மடங்கு பேரை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போகிறார்கள். ஃபிட்டர் என்றால் கையில் ஒரு டிராயிங், ஒரு எம்.எஸ். தகடு, மூன்று மணி நேரம். ஷாப்பிலிருந்து வந்த சூப்பர்வைசர் பேசாமல் நடந்துகொண்டே இருப்பார். அவர் பார்ப்பது முடிந்த ஜாப்பை மட்டுமல்ல. மார்க்கிங் போடுவதற்கு முன் ஒரு பக்கத்தைச் சமமாக்கி, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறானா? கோட்டின் மேலேயே அறுக்கிறானா, கோடு மிச்சம் இருக்கும்படி வெளிப்பக்கம் அறுக்கிறானா? அளப்பதற்கு முன் விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்கிறானா? வெர்னியரை அரங்களுக்கு நடுவே வீசிவிடுகிறானா, தனியாகத் துணியில் வைக்கிறானா? எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு குறைந்துபோனால் என்ன செய்கிறான்? ஒளித்து வைப்பவனையும், ‘சார், அரை மில்லி போச்சு’ என்று வந்து சொல்பவனையும் இந்த மூன்று மணி நேரம் பிரித்துக் காட்டிவிடும். வந்து சொல்கிறவனை நம்பி நாளைக்கு லட்ச ரூபாய் காஸ்டிங்கைக் கொடுக்கலாம்.

எலக்ட்ரீஷியனுக்கு மாடிப்படி வயரிங் கொடுத்தால் போதும். கை வைப்பதற்கு முன் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறவனும் பார்க்காதவனும் ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடுவார்கள். அவனுக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று சோதிப்பதும் நியாயம், வயரின் நிறம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அவன் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இப்படிச் செய்ய நேரமும் ஆளும் வேண்டும், நூறு இடத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள் என்பார்கள் நிர்வாகத்தினர். அவர்கள் பக்கம் இன்னொரு நியாயமான குறையும் இருக்கிறது: எடுத்த பையன்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் பக்கத்துக் கம்பெனிக்கு, அறிவிப்பு வந்தால் காவலர் தேர்வுக்கு, அதுவும் இல்லாவிட்டால் உணவு டெலிவரிக்கு. உண்மைதான். ஆனால் வருடம் முடிந்ததும் வெளியே போகத்தான் போகிறோம் என்று தெரிந்த ஒருவன் இரண்டு மாதம் முன்னால் போவதில் என்ன துரோகம்? ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் செலவழித்து, கையைப் பார்த்து எடுத்து, முடித்தவர்களில் இத்தனை பேருக்கு வேலை உண்டு என்று முதல் நாளே சொன்ன நிறுவனத்தில் பையன்கள் நிற்கிறார்கள். ஆலைப் பகுதியில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டால், எந்தக் கம்பெனி பையன்கள் வருடக்கணக்காக அதே முகங்களாக வருகிறார்கள் என்று சொல்வார்.

அப்ரண்டிஸ் முறை என்றதும் எல்லோரும் ஜெர்மனியைக் காட்டுவார்கள். அங்கேயும் முதலாளிகள் மதிப்பெண் பார்க்கிறார்கள். துருக்கியப் பெயர் உள்ள பையனுக்கு நேர்காணல் அழைப்பு குறைவாகவே வருகிறது என்ற புகார் அங்கே நெடுநாளாக உண்டு. ஆனால் பள்ளியில் படிக்கும்போதே பிள்ளைகள் இரண்டு மூன்று வாரம் ஒரு பட்டறையிலோ அலுவலகத்திலோ போய் இருந்து பார்க்கிறார்கள். முதலாளி பையனைப் பார்க்கிறார், பையனும் முதலாளியைப் பார்க்கிறான். ஒப்பந்தம் போட்ட பிறகு ஒன்று முதல் நான்கு மாதம் வரை இருதரப்புக்கும் சோதனைக் காலம். பயிற்சி முடித்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேரை அதே நிறுவனமே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. நாலில் மூன்று பேர் உள்ளேயே இருக்கப்போகிறார்கள் என்பதால்தான் அங்கே தேர்வில் இவ்வளவு சிரத்தை. நாம் பாடத்திட்டத்தையும் இயந்திரத்தையும் இறக்குமதி செய்ய நினைக்கிறோம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனப்படுத்தத் தொடங்கியதும் அந்த வகை. வரவேற்க வேண்டிய முயற்சிதான். புது சி.என்.சி. மெஷினில் படித்து வெளியே வருகிற பையனிடம் கேட்கப்படும் கேள்வி ‘ரூம் எடுத்துத் தங்குவியா’ என்றே இருந்தால், மெஷின் எதற்கு?

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. அப்ரண்டிஸ் ஒப்பந்தங்கள் ஏற்கெனவே மத்திய அரசின் இணையதளத்தில் பதிவாகின்றன. எந்த நிறுவனம் எத்தனை பேரை எடுத்தது என்ற கணக்கு அங்கே இருக்கிறது. அதோடு இன்னொரு எண்ணைச் சேர்த்தால் போதும்: முடித்தவர்களில் எத்தனை பேருக்கு அதே நிறுவனம் வேலை கொடுத்தது. 22-ஆவது பிரிவு கேட்கிற கொள்கையையும் அதன் கீழேயே ஏற்ற வேண்டும். உதவித்தொகையில் அரசு கொடுக்கும் 1,500 ரூபாயை இந்த எண்ணோடு கட்டிவிடலாம். தொடர்ந்து மூன்று வருடம் ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளாத நிறுவனத்துக்கு மக்கள் வரிப்பணத்தில் ஏன் மானியம்? வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். அரசு ஐ.டி.ஐ.க்குள் ஆள் எடுக்க வருகிற எந்த நிறுவனமும் செய்முறைத் தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. இடம் அரசுடையது, மெஷின் அரசுடையது, நிபந்தனை போடவும் அரசுக்கு உரிமை உண்டு. தேர்வு மேசையில் தந்தையின் தொழில், தெரு, கல்யாணம் பற்றிய கேள்விகள் கூடாது என்பதையும் அதே சுற்றறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

அதுவரை பையன்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அது இணையதளத்தில் பதிவாகும் ஒப்பந்தமா, வெறும் ‘டிரெய்னி’ லெட்டரா என்று பாருங்கள். இடையில் நின்று பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்டர்வியூ முடிவில் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர் ‘வேற ஏதாவது கேட்கணுமா தம்பி’ என்று ஒப்புக்குக் கேட்பார். ‘ஒன்றுமில்லை சார்’ என்று எழுந்து வந்துவிடாதீர்கள். போன வருடம் எடுத்தவர்களில் எத்தனை பேர் இப்போது உங்களிடம் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.